1814 முதல் 1870 வரை பிரான்சில் எந்த ஆட்சியும் ஏன் இருபது வருஷம் தாண்டவில்லை?

காவிரிக்கரை எழுதியது:

பிரெஞ்சுப் புரட்சி என்றால் பாஸ்டீல் சிறை, கில்லட்டின், நெப்போலியன், வாட்டர்லூ. அதோடு நம் பாடப்புத்தகம் அடுத்த பாடத்துக்குப் போய்விடும். அதற்குப் பிந்தைய அறுபது வருஷத்தை இரண்டு மாதமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். மனசை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது. அதனால்தான் இந்த இழை.

முதலில் வரிசையைச் சொல்லிவிடுகிறேன். 1814இல் பழைய பூர்போன் வம்சம் திரும்பி வருகிறது. பதினெட்டாம் லூயி, அவருக்குப் பின் அவர் தம்பி பத்தாம் சார்லஸ். நடுவில் 1815இல் நெப்போலியன் திரும்பி வந்து நடத்திய நூறு நாள் ஆட்சி. 1830இல் சார்லஸ் விரட்டப்பட்டு, ஓர்லியான் கிளையைச் சேர்ந்த லூயி பிலிப் அரசராகிறார். 1848இல் அவரும் போய் இரண்டாம் குடியரசு. 1852இல் அந்தக் குடியரசின் ஜனாதிபதியே மூன்றாம் நெப்போலியன் என்ற பேரரசர் ஆகிறார். 1870இல் அவரும் வீழ்ந்து மூன்றாம் குடியரசு. இது மட்டும் 1940 வரை நிற்கிறது. அதற்கு முன்னால் பதினைந்து பதினாறு வருஷம், பதினெட்டு வருஷம், நாலு வருஷம், பதினெட்டு வருஷம். அவ்வளவுதான் ஒவ்வொன்றின் ஆயுளும்.

ஏன் என்பதற்கு என் பதிலை வைக்கிறேன், மறுப்பு இருந்தால் சொல்லுங்கள். மந்திரியை மாற்ற வழி இல்லாத இடத்தில் மன்னரையே மாற்ற வேண்டியதாகிறது. 1814இல் லூயி கொடுத்த சாசனத்தில் நாடாளுமன்றம் உண்டு. ஆனால் வாக்களிக்க முப்பது வயதும், வருஷத்துக்கு 300 பிராங்க் நேரடி வரி கட்டும் வசதியும் வேண்டும். மூன்று கோடிப் பேர் வாழ்ந்த நாட்டில் வாக்காளர்கள் ஏறத்தாழ ஒரு லட்சம்தான்.

அந்த ஒரு லட்சம் பேரும் வசதி உள்ளவர்கள். அவர்களே 1830இல் சார்லஸ் வைத்த பொலிஞாக் மந்திரிசபை வேண்டாம் என்றுதான் ஓட்டுப் போட்டார்கள். 221 உறுப்பினர்கள் அதற்கு முன்பே மன்னருக்கு அதை எழுதியும் கொடுத்திருந்தார்கள். சார்லஸ் கேட்கவில்லை. ஜூலை 26ஆம் தேதி அரசு ஏட்டில் ஆணைகள் வெளிவருகின்றன: பத்திரிகைச் சுதந்திரம் நிறுத்தம், இன்னும் கூடவே கூடாத புதிய சபை கலைப்பு, வாக்காளர் எண்ணிக்கை மேலும் குறைப்பு. மூன்று வாரத்துக்கு முன்புதான் அவருடைய படை அல்ஜியர்ஸைப் பிடித்திருந்தது. அந்த வெற்றி போதும் என்று நம்பியிருக்கிறார். ஆனால் அந்த வெற்றிக்காகவே நல்ல படைகள் கடல் தாண்டி அங்கே இருந்தன. பாரீஸிலோ அச்சகங்கள் மூடப்பட்டு, வேலை போன அச்சுத் தொழிலாளிகள் 27ஆம் தேதி தெருவில் நின்றார்கள். 29ஆம் தேதிக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

பழையபேட்டை எழுதியது:

நல்ல இழை அண்ணே. ஒரு சந்தேகம். தெருவில் இறங்கிச் செத்தது அச்சுத் தொழிலாளியும் தச்சரும். அப்படியிருக்க, இன்னொரு அரசர் எப்படி வந்தார்? குடியரசு என்றே அறிவித்திருக்கலாமே?

காவிரிக்கரை எழுதியது:

கேட்டவர்கள் இருந்தார்கள் தம்பி. ஆனால் 1793இன் பயங்கர ஆட்சியை நேரில் பார்த்தவர்கள் அப்போது ஐம்பது அறுபது வயதில் உயிரோடு இருந்தார்கள். குடியரசு என்றாலே அவர்கள் கண்ணில் கில்லட்டின்தான் வரும். அந்தப் பயத்தை நன்றாகப் புரிந்துகொண்டவர் அடோல்ஃப் தியேர் என்ற இளம் பத்திரிகையாளர். ஓர்லியான் கோமகன் லூயி பிலிப்தான் சரியான ஆள், புரட்சிப் படையில் மூவர்ணக் கொடியின் கீழ் சண்டை போட்டவர் என்று ஜூலை 30ஆம் தேதி சுவரொட்டி அடித்து ஊரெல்லாம் ஒட்டினார். (இந்தத் தியேர் பெயரை நினைவில் வையுங்கள். நாற்பது வருஷம் கழித்தும் வருவார்.) மறுநாள் பாரீஸ் நகர மண்டபத்து மாடத்தில், கிழவர் லாஃபாயெத் மூவர்ணக் கொடியோடு லூயி பிலிப்பைக் கட்டித் தழுவினார். கீழே கூட்டம் ஆர்ப்பரித்தது. அதோடு குடியரசுப் பேச்சு அடங்கிவிட்டது.

அவர் பட்டமும் ‘பிரான்சின் அரசர்’ இல்லை, ‘பிரெஞ்சு மக்களின் அரசர்’. ஆனால் வாக்குரிமைக்கான வரி 300 பிராங்கிலிருந்து 200 பிராங்கானது, அவ்வளவுதான்.

நெசவுத்தெரு எழுதியது:

இங்கே லியோன் நெசவாளர்களைப் பற்றி யாராவது சொல்வீர்கள் என்று காத்திருந்தேன். யாரும் சொல்லாததால் நான் சொல்கிறேன். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகப் பட்டுத் தறி. தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டி ஏற்றினால்தான் பெரிய பூ வேலை வரும். அந்தப் பெட்டிக்குப் பெயர் கொடுத்த ஜக்கார்டு லியோன்காரர். அந்த ஊரில் க்ருவா ரூஸ் என்று ஒரு மேடு. அங்கே வீடுகளுக்குக் கூரை வழக்கத்தை விட மிக உயரம். ஏன் தெரியுமா? அந்தத் தறி நிற்க வேண்டுமே. வீடே தறிக்காகக் கட்டியது. மனுஷர்கள் மிச்ச இடத்தில் பலகைப் பரண் போட்டுத் தூங்கினார்கள். படத்தில் அந்தப் பரணைப் பார்த்தபோது எங்கள் பாட்டி வீடுதான் கண் முன்னால் வந்தது.

வேலை நடந்த முறையும் நமக்குத் தெரிந்ததுதான். வியாபாரி பட்டு நூல் கொடுப்பார். தறிக்காரர் சொந்தத் தறியில் நெய்து கொடுத்து முழத்துக்குக் கூலி வாங்குவார். சரக்கு தேங்கினால் முதலில் குறைவது கூலி. 1831 அக்டோபரில் நெசவாளர்களும் வியாபாரிகளும் உட்கார்ந்து பேசி, மாவட்ட அதிகாரி முன்னிலையில் ஒரு கூலிப் பட்டியல் ஒப்புக்கொண்டார்கள். இதற்குக் கீழே கூலி கொடுக்கக் கூடாது என்று. கொஞ்சம் வியாபாரிகள் அதை மறுத்தார்கள். பாரீஸ் அரசாங்கமும் அவர்கள் பக்கமே நின்றது. நவம்பர் 21ஆம் தேதி மேட்டிலிருந்து ஊர்வலம் இறங்கியது. ‘உழைத்து வாழ்வோம், இல்லையேல் போராடிச் சாவோம்’ என்று கறுப்புக் கொடியில் எழுதியிருந்தார்களாம். இரண்டு நாள் சண்டையில் படை ஊரை விட்டே பின்வாங்கியது. நகரம் நெசவாளர்கள் கைக்கு வந்தும் கொள்ளை நடக்கவில்லை, அவர்களே காவல் நின்றார்கள்.

டிசம்பரில் மார்ஷல் சூல்ட் தலைமையில் ஏறத்தாழ இருபதாயிரம் படையினர் வந்தார்கள். பட்டியல் ரத்து, அதற்கு ஒப்புதல் தந்த அதிகாரிக்கு வேலை போனது. 1834இல் மறுபடி எழுந்தார்கள், அப்போது பீரங்கியால் அடக்கினார்கள். காவிரிக்கரை அண்ணா, உங்கள் விளக்கத்தில் மந்திரியும் மன்னரும்தான் இருக்கிறார்கள். கூலி எங்கே?

காவிரிக்கரை எழுதியது:

நியாயமான கேள்வி. என் பதிலில் அந்த இடம் காலியாகத்தான் இருந்தது. ஆனால் இரண்டும் ஒரே கதவில் போய் முட்டுகின்றன என்று நினைக்கிறேன். 200 பிராங்க் வரி கட்டாத நெசவாளிக்கு, கூலிச் சட்டம் கேட்க நாடாளுமன்றத்தில் ஒரு ஆள் கிடையாது. அவருக்கு மிஞ்சியது மேட்டிலிருந்து இறங்கும் தெரு மட்டும்தான்.

1848 பிப்ரவரியும் அப்படித்தான். வாக்குரிமையை விரிவாக்கக் கேட்டவர்கள் கேட்டது கொஞ்சம்தான். 1846 தேர்தலில் மூன்றரைக் கோடி மக்களில் வாக்காளர்கள் சுமார் இரண்டரை லட்சம். அரசியல் கூட்டத்துக்குத் தடை இருந்ததால், விருந்து என்ற பேரில் கூடி உரை நிகழ்த்தினார்கள். பிப்ரவரி 22ஆம் தேதி பாரீஸ் விருந்தை அரசு தடை செய்தது. 23ஆம் தேதி குடிமக்கள் சேர்ந்த தேசியக் காவல் படையே ‘சீர்திருத்தம் வாழ்க’ என்று கத்தியதும்தான் லூயி பிலிப் மந்திரி கிஸோவை நீக்கினார். மக்கள் வீடுகளில் விளக்கேற்றிக் கொண்டாடினார்கள். அன்றோடு முடிந்திருக்க வேண்டியது. அன்றிரவு கபூசின் சாலையில் வெளியுறவு அமைச்சகத்துக்கு முன்னால் படை சுட்டது, ஐம்பது பேர் அளவில் விழுந்தார்கள். உடல்களை ஒரு வண்டியில் ஏற்றி, தீப்பந்த வெளிச்சத்தில் தெருத்தெருவாகக் கொண்டுபோனார்கள். வண்டி போன தெருவெல்லாம் விடிவதற்குள் கல்லைப் பெயர்த்துத் தடுப்பரண் கட்டிவிட்டது. 24ஆம் தேதி மன்னர் பட்டத்தைத் துறந்தார். சிம்மாசனத்தைத் தூக்கிவந்து பாஸ்டீல் சதுக்கத்தில் எரித்தார்கள்.

1830இலும் மந்திரியை நீக்கினார்கள், 1848இலும் நீக்கினார்கள். இரண்டு தடவையும் நேரம் கடந்த பிறகு.

வைகறை எழுதியது:

இருபத்தைந்து வருஷம் வரலாறு நடத்தியவள் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன் தம்பி. வாக்குரிமைதான் காரணம் என்றால், அது கிடைத்த பிறகு அமைதி வந்திருக்க வேண்டும். வந்ததா? 1848 மார்ச்சில் புதிய குடியரசு வயது வந்த எல்லா ஆண்களுக்கும் வாக்கு கொடுத்தது. இரண்டரை லட்சம் ஒரே ஆணையில் தொண்ணூறு லட்சத்துக்கு மேல் போனது. உலகத்தில் அதற்கு முன் அப்படி நடந்ததில்லை. அந்த வாக்குதான் நாலே வருஷத்தில் குடியரசைச் சவக்குழிக்கு அனுப்பியது.

ஏப்ரல் 23, ஈஸ்டர் ஞாயிறு. முதல் தேர்தல். நார்மண்டியில் தொக்வில் என்ற கிராமத்தில் ஆண்கள் எல்லாரும் பூசை முடிந்து, பெயரின் அகரவரிசைப்படி இரண்டிரண்டு பேராக வரிசை நின்று அடுத்த ஊர் வாக்குச்சாவடிக்கு நடந்து போனார்கள். அந்த ஊர்ப் பிரபு அலெக்சி த தொக்வில் தன் பெயருக்குரிய இடத்தில் வரிசையில் நின்று அவர்களோடு நடந்தார். வழியில் ஒரு மேட்டில் ஏறி, யாரும் உங்களை ஏமாற்ற விடாதீர்கள், எல்லாரும் ஓட்டுப் போடும் வரை கலையாதீர்கள் என்று பேசினார். கிட்டத்தட்ட எல்லாரும் அவருக்கே போட்டார்கள் என்று அவரே எழுதிவைத்திருக்கிறார். அந்த ஊர்வலத்தில் சுதந்திரமும் இருக்கிறது, பழைய பணிவும் இருக்கிறது. என் மாணவர்களிடம் இந்தக் காட்சியைச் சொல்லிவிட்டு, அடுத்த வார்த்தை பேசாமல் கொஞ்ச நேரம் விடுவேன்.

பாரீஸ்காரர்களுக்குப் புரியாதது கிராமம். குடியரசு கையில் காசு இல்லாமல், நேரடி வரியில் ஒவ்வொரு பிராங்குக்கும் 45 சாந்தீம் (நூறு சாந்தீம் ஒரு பிராங்க்) கூடுதலாகக் கட்டச் சொன்னது. விவசாயிக்குக் குடியரசு என்பதன் முதல் அறிமுகமே இந்த வரிதான். அந்தப் பணம் பாரீஸில் வேலை இல்லாதவர்களுக்கான தேசியத் தொழிற்கூடங்களுக்குப் போகிறது என்று அவர் நம்பினார். ஜூனில் புதிய சபை அந்தக் கூடங்களை மூடத் தொடங்கியது: இளைஞர்கள் படைக்குப் போக வேண்டும், மற்றவர்கள் வெளியூர் போக வேண்டும். ஜூன் 23 முதல் 26 வரை கிழக்குப் பாரீஸ் முழுக்கத் தடுப்பரண். குடியரசின் படைத்தளபதி கவைன்யாக், குடியரசின் தொழிலாளிகளைச் சுட்டு அடக்கினார். ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள், ஆயிரக்கணக்கானோரை நாடு கடத்தினார்கள். சமாதானம் பேசத் தடுப்பரண் அருகே போன பேராயர் அஃப்ரும் குண்டடி பட்டு இறந்தார்.

டிசம்பர் ஜனாதிபதித் தேர்தலில் கவைன்யாக்குக்குப் பதினாலு லட்சம் வாக்கு. பிப்ரவரியில் நாடே கொண்டாடிய கவிஞர் லமார்த்தீனுக்கு இருபதாயிரத்தை ஒட்டித்தான். நெப்போலியனின் தம்பி மகன், பின்னாளில் மூன்றாம் நெப்போலியன் ஆன லூயி நெப்போலியனுக்கு ஐம்பத்து நாலு லட்சம்! கிராமத்து மனிதருக்குத் தெரிந்த ஒரே பெயர் அது. தாத்தாவோ பெரியப்பாவோ நெப்போலியன் படையில் இருந்திருப்பார், கதை கேட்டே வளர்ந்திருப்பார். அதனால் நான் சொல்வது: சிக்கல் கதவில் மட்டும் இல்லை. பாரீஸ் ஒரு நாடு, கிராமம் வேறொரு நாடு. ஒன்றின் முடிவை மற்றது ஏற்கவில்லை.

காவிரிக்கரை எழுதியது:

அக்கா, நீங்கள் சொன்ன கிராமம் பற்றிய பகுதியை அப்படியே ஏற்கிறேன். ஆனால் 1851ஐ மட்டும் என் கணக்கில் வையுங்கள். 1850 மே 31ஆம் தேதிச் சட்டம், ஒரே இடத்தில் மூன்று வருஷம் குடியிருந்தவருக்குத்தான் வாக்கு என்று சொல்லி ஏறத்தாழ முப்பது லட்சம் பேரை நீக்கியது. வேலை தேடி ஊர் ஊராகப் போகிற தொழிலாளிக்கு அது எப்படி வாய்க்கும்? அப்புறம், ஜனாதிபதி தொடர்ந்து இரண்டாம் முறை நிற்கக் கூடாது என்பது அரசியல் சட்டம். அதைத் திருத்த நாலில் மூன்று பங்கு ஆதரவு வேண்டும். 446 பேர் ஆதரித்தும் 278 பேர் எதிர்த்ததால் தோற்றது. மறுபடியும் இரண்டு பக்கமும் பூட்டு.

1851 டிசம்பர் 2ஆம் தேதி விடியும் முன் லூயி நெப்போலியன் சபையைக் கலைத்தார், தலைவர்களைப் படுக்கையிலிருந்தே கைது செய்தார். சுவரொட்டியில் என்ன எழுதினார்? அனைவருக்கும் வாக்குரிமையைத் திருப்பித் தருகிறேன் என்று! பூட்டியவர்கள் குடியரசுச் சபையினர், திறப்பதாகச் சொல்லி வந்தவர் சர்வாதிகாரி. அந்த மாதப் பொதுவாக்கெடுப்பில் ‘ஆம்’ எழுபத்து நாலு லட்சம்.

மல்லிகைப்பந்தல் எழுதியது:

நிறைய தடவை ‘அனைவருக்கும்’ என்று எழுதுகிறீர்கள். பெண்களுக்கு இல்லை. வைகறை அக்கா ‘ஆண்களுக்கு’ என்று சரியாகச் சொன்னார், அடுத்த பதிவில் மறுபடி போய்விட்டது. 1849 தேர்தலில் ழான் தெருவான் என்ற பெண் வேட்பாளராக நின்று பேசப் போனார், சட்டப்படி செல்லாது என்றார்கள். பிரெஞ்சுப் பெண்கள் வாக்குரிமை பெற்றது 1944இல். அதுவரை வந்துபோன எல்லா ஆட்சிகளும் இந்த ஒரு விஷயத்தில் ஒற்றுமையாக இருந்திருக்கின்றன.

காவிரிக்கரை எழுதியது:

திருத்தத்துக்கு நன்றி. இனிமேல் ‘ஆண்கள் அனைவருக்கும்’ என்றே எழுதுகிறேன்.

குருசுக்குப்பம் எழுதியது:

புதுச்சேரியிலிருந்து எழுதுகிறேன். அங்கே ஆட்சி மாறும்போதெல்லாம் இங்கே எங்கள் ஊரும் ஆடியது. 1816இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைத் திருப்பிக் கொடுத்ததே, அங்கே பூர்போன் வம்சம் திரும்பி வந்ததால்தான். 1848இல் இரண்டாம் குடியரசு பிரெஞ்சு இந்தியாவுக்கு நாடாளுமன்றத்தில் ஒரு இடம் கொடுத்தது. பிறகு அது பறிபோனது. 1871இல் மூன்றாம் குடியரசில் திரும்பி வந்தது. போனவர்கள் பெரும்பாலும் ஐரோப்பியர்கள்தான் என்றாலும், தமிழர் ஓட்டு அந்தக் காலத்திலேயே பாரீஸில் எண்ணப்பட்டது.

இன்னொரு பக்கமும் உண்டு. 1848 ஏப்ரல் 27ஆம் தேதி குடியரசு தன் குடியேற்றங்களில் அடிமைமுறையை ஒழித்தது. அதற்காக உழைத்த ஷோல்ஷேரை நான் கும்பிடுகிறேன். ஆனால் கரும்புத் தோட்ட முதலாளிகள் ஆள் தேடி எங்கே வந்தார்கள்? புதுச்சேரிக்கும் காரைக்காலுக்கும். கரீபியத் தீவுகளான மார்த்தினிக்குக்கு 1853இலும் குவாதலூப்புக்கு 1854இலும் ஒப்பந்தக் கூலிகளாக நம் ஆட்கள் கப்பலேறினார்கள். அதற்கு முன்பே இந்தியப் பெருங்கடலில் உள்ள ரெயூனியன் தீவுக்கும் போயிருந்தார்கள். ஒரு ஆணை அங்கே ஒருவரை விடுவித்தது, அதே ஆணையால் காலியான வயலுக்கு இங்கிருந்து இன்னொருவர் போனார். குவாதலூப்பில் இன்றைக்கும் தமிழ்ப் பெயர்கள் குடும்பப் பெயராக இருக்கின்றன.

பழையபேட்டை எழுதியது:

இந்தத் தொடர்பு எனக்குத் தெரியவே தெரியாது. நன்றி ஐயா.

சரி, 1870க்கு வாருங்கள். மூன்றாம் குடியரசு மட்டும் எப்படி நின்றது?

காவிரிக்கரை எழுதியது:

நிற்கும் என்று அப்போது யாரும் நினைக்கவில்லை. 1870 மே மாதம் கூட மூன்றாம் நெப்போலியன் பொதுவாக்கெடுப்பில் எழுபது லட்சத்துக்கு மேல் ‘ஆம்’ வாங்கினார். ஜூலையில் பிரஷ்யாவோடு போர். செப்டம்பர் 2ஆம் தேதி செதானில் அவரே கைதி. 4ஆம் தேதி பாரீஸில் குடியரசு. ஆனால் 1871 பிப்ரவரித் தேர்தலில் கிராமங்கள் சமாதானம் வேண்டி மன்னராட்சிக்காரர்களையே பெரும்பான்மையாக அனுப்பின. சபையில் குடியரசை விரும்பாதவர்கள் அதிகம், நாடு மட்டும் குடியரசு.

ஒரு மன்னரை வைக்க வேண்டியதுதான் பாக்கி. இங்கேதான் நான் படித்ததில் என்னை மிகவும் உலுக்கிய விஷயம் வருகிறது. 1830இல் சார்லஸ் பட்டம் துறந்தபோது தன் ஒன்பது வயதுப் பேரனுக்கு விட்டுக்கொடுத்தார், யாரும் ஏற்கவில்லை. 1848இல் லூயி பிலிப்பும் தன் ஒன்பது வயதுப் பேரனுக்கே விட்டுக்கொடுத்தார், அதையும் ஏற்கவில்லை. அந்த இரண்டு பேரன்களும் 1873 ஆகஸ்ட்டில் ஆஸ்திரியாவில் ஒரு மாளிகையில் சந்தித்தார்கள். மூத்தவர் ஷாம்போர் கோமகனுக்குப் பிள்ளை இல்லை. அவர் அரசராகட்டும், அவருக்குப் பின் இளையவர் பாரீஸ் கோமகன் என்று ஏற்பாடு. சபையில் பெரும்பான்மை தயார்.

ஷாம்போர் ஒன்றில் மட்டும் இறங்கி வரவில்லை. கொடி. மூவர்ணத்தை ஏற்க மாட்டேன், மூதாதையரின் வெள்ளைக் கொடிதான் வேண்டும் என்று அக்டோபர் 27ஆம் தேதி கடிதம் எழுதினார். அப்போது ஜனாதிபதி மக்மஹோன் மார்ஷல், மன்னராட்சிக்காரர். ஆனால் அவர் படை அந்த மூவர்ணத்தின் கீழ் செத்த படை. நவம்பரில் ஷாம்போர் ரகசியமாக வெர்சாய் வந்து காத்திருந்தும் மக்மஹோன் சந்திக்க மறுத்துவிட்டார். வாய்ப்பு அதோடு போனது. 1875 ஜனவரி 30ஆம் தேதி, ‘குடியரசின் ஜனாதிபதி’ என்ற சொல்லைச் சட்டத்தில் வைக்கும் வாலோன் திருத்தம் 353க்கு 352 என்று ஒரே வாக்கில் நிறைவேறியது.

நெசவுத்தெரு எழுதியது:

1871 பிப்ரவரியிலிருந்து 1873க்குத் தாவிவிட்டீர்கள் அண்ணா. நடுவில் கம்யூன் இருக்கிறது.

பிரஷ்யப் படையின் முற்றுகையில் எலியும் குதிரையும் தின்று பட்டினி கிடந்த பாரீஸ் அது. சபை வெர்சாயில் உட்கார்ந்துகொண்டு, தள்ளிவைத்திருந்த கடனை உடனே கட்டச் சொன்னது, தேசியக் காவலரின் தினக்கூலியிலும் கைவைத்தது. மார்ச் 18ஆம் தேதி மோன்மார்த்ர் மேட்டில் இருந்த பீரங்கிகளை எடுக்கப் படை வந்தது. மக்கள் தங்கள் சந்தாப் பணத்தில் வார்த்த பீரங்கிகளும் அவற்றில் உண்டு. பெண்கள் சுற்றி நின்றார்கள், சிப்பாய்கள் சுட மறுத்தார்கள். அன்று இரண்டு தளபதிகளைக் கூட்டம் கொன்றது, அதை மறைக்கவில்லை. பிறகு எழுபத்து இரண்டு நாள் பாரீஸ் கம்யூன் என்ற பேரில் தன்னைத் தானே ஆண்டது. ரொட்டிச் சூளையில் இரவு வேலையை ஒழித்தார்கள், முற்றுகைக் கால வாடகையைத் தள்ளுபடி செய்தார்கள்.

மே 21 முதல் 28 வரை வெர்சாய் படை தெருத்தெருவாகக் கொன்று வந்தது. இறந்தவர் கணக்கில் இன்றும் வழக்கு உண்டு, பத்தாயிரத்துக்குக் குறையாது என்றே பலரும் சொல்கிறார்கள். கடைசியில் பெர் லஷேஸ் கல்லறைத் தோட்டத்தில் 147 பேரைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். உத்தரவிட்ட அரசின் தலைவர் யார்? நீங்கள் நினைவில் வைக்கச் சொன்ன அதே தியேர். 1834இல் லியோனை அடக்கியபோதும் உள்துறை மந்திரி அவர்தான். அந்தச் சுவரைத் தாண்டித்தான் குடியரசு நின்றது.

வைகறை எழுதியது:

நெசவுத்தெரு சொன்னது வலிக்கிறது, ஆனால் அதுதான் உண்மை. தியேர் அடக்கிய பிறகுதான் கிராமம் குடியரசைக் கண்டு பயப்படுவதை நிறுத்தியது. 1871 ஜூலை இடைத்தேர்தலில் குடியரசுவாதிகள் அள்ளிக்கொண்டு வந்தார்கள். பாரீஸைச் சுட்ட குடியரசு நம்மைப் பாதுகாக்கும் என்று விவசாயி நினைத்தார். நான் முன்னால் சொன்ன இரண்டு நாடுகளில் ஒன்று தோற்றுத்தான் மற்றது சமாதானமானது. பெர்லஷேஸ் சுவர் முன்னால் இன்னமும் ஒவ்வொரு மே மாதமும் பூ வைக்கிறார்கள்.

காவிரிக்கரை எழுதியது:

கம்யூனைத் தாண்டிப் போனது என் பிழைதான். ஒப்புக்கொள்கிறேன்.

என் முதல் பதிவின் கேள்விக்கு விடை 1877இல் இருக்கிறது என்பது மட்டும் பாக்கி. அந்த வருஷம் மே 16ஆம் தேதி மக்மஹோன், சபையின் ஆதரவு இருந்த பிரதமரை வெளியேற்றி, தனக்கு வேண்டியவரை வைத்தார். 363 உறுப்பினர்கள் எதிர்த்தார்கள். அவர் சபையைக் கலைத்தார். இதுவரை 1830 ஜூலை அப்படியே. ஆனால் வாக்காளர் இப்போது ஒரு லட்சம் இல்லை. குடியரசுவாதிகளின் தலைவர் கம்பெத்தா லீல் நகரத்தில் பேசினார்: நாடு தன் முடிவைச் சொன்ன பிறகு பணிய வேண்டும், இல்லை விலக வேண்டும். அக்டோபரில் மக்கள் மறுபடி குடியரசுவாதிகளையே பெரும்பான்மையாக அனுப்பினார்கள். மக்மஹோன் டிசம்பரில் பணிந்தார், 1879 ஜனவரியில் விலகினார். ஒரு கல்லும் பெயர்க்கப்படவில்லை. அதன்பின் 1940 வரை எந்த ஜனாதிபதியும் சபையைக் கலைக்கவில்லை. மந்திரிசபைகள் ஏறத்தாழ நூறு தடவை மாறின, ஆட்சிமுறை மாறவில்லை.

நெசவுத்தெரு எழுதியது:

1880 ஜூலையில் கம்யூன் கைதிகளுக்குப் பொதுமன்னிப்புச் சட்டம் வந்தது. நவம்பரில் கம்யூன் போராளி லூயிஸ் மிஷேல், பசிபிக் தீவான நியூ கலிடோனியாவில் நாடு கடத்தல் தண்டனை முடிந்து பாரீஸ் சேன் லஸார் ரயில் நிலையத்தில் இறங்கினார். வரவேற்கப் பெருங்கூட்டம் வந்திருந்தது.

குருசுக்குப்பம் எழுதியது:

அதே 1880இல்தான் ஜூலை 14 தேசியத் திருநாளானது. இங்கே இன்னமும் ஜூலை 13 சாயங்காலம் விளக்கு ஊர்வலம் போகும். பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வு பெற்ற நம் தமிழ்ப் பெரியவர்கள் கோட்டில் பதக்கம் குத்திக்கொண்டு வருவார்கள். அடுத்த ஜூலைக்கு யார் வந்தாலும் சொல்லுங்கள், கடற்கரைச் சாலையில் சந்திப்போம்.